முத்திரையிட்ட உடுப்பும் சிவப்புச் சட்டையும்

ஆள் பாதி ஆடை பாதி என்பது முன்னோர் மொழி. சபையில் நிற்கும் பெரியவருக்கு இம்மொழி எவ்வளவு பொருந்துமோ, விளையாட்டு மைதானத்தில் நிற்கும் சிறுவனுக்கும் அவ்வளவு பொருந்தும். ஒரு பாடசாலையிலே மெய்வல்லுநர் போட்டி நடைபெறுகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஓட வல்ல ஒரு பிள்ளை மரநிழலிலே அமர்ந்திருக்கின்றான். காரணம் வினாவினால் காலிலே நோவு என்பான்; வயிற்றிலே வலி என்பான். உண்மை அதுவன்று. ஏனையோர் அணிந்திருக்கும் காற்சட்டையும் சப்பாத்தும் அவனிடம் இல்லை, அவ்வளவே. இல்லை என்று வாய்விட்டுச் சொல்வதிலும் நோவு என்று பொய்யுரைப்பது அவனுக்கு எளிதாக இருக்கின்றது.

அதே ஊரில் வேறொரு வீட்டுப் பெட்டியிலே, வளர்ந்துவிட்ட பிள்ளைக்குச் சிறுத்துப்போன விளையாட்டுச் சட்டையும் சப்பாத்தும் எவருக்கும் பயனின்றிக் கிடக்கும். பெட்டியிற் கிடப்பதை மரநிழலிலே இருப்பவனிடம் கொண்டு சேர்ப்பது மிக எளிய காரியம் போலத் தோன்றும். வரலாற்றை நோக்குவோர்க்கு அஃது அத்துணை எளிதன்று என்பது புலனாகும். கொடுப்பது எளிது, பெறுபவன் தலைநிமிர்ந்து அணியுமாறு கொடுப்பதே அரிது. பாடசாலை, விளையாட்டு, பழைய உடுப்பு என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து வளர்ந்த நாடு இங்கிலாந்து. எமது பாடசாலைகளின் விளையாட்டு முறையும் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததே. ஆதலின் அந்நாட்டில் நிகழ்ந்தவற்றை முதலில் நோக்குவாம்.

இலண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் நதியின் தென்கரையிலே, வூலிச் என்னும் இடத்தில் அரசாங்கத்தின் ஆயுதத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. றோயல் ஆர்சனல் என்பது அதன் பெயர். அதிலே டயல் ஸ்குவயர் எனப்பட்ட பட்டறையில் வேலை செய்த தொழிலாளர் சிலர், 1886-ஆம் ஆண்டிலே உதைபந்தாட்டக் குழு ஒன்றை அமைக்க விரும்பினர். டேவிட் டான்ஸ்கின் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் முன்னின்றார். பதினைந்து பேர் ஆளுக்கு ஆறு பென்ஸ் கொடுத்தனர் என்றும், டான்ஸ்கின் தம் பையிலிருந்து மூன்று சிலிங் சேர்த்தார் என்றும் அக்கழகத்தின் வரலாறு கூறும். சேர்ந்த தொகை பத்துச் சிலிங் ஆறு பென்ஸ். அப்பணத்தைக் கொண்டு பந்து வாங்கினர். அவ்வாண்டு டிசெம்பர் 11-ஆம் திகதி முதலாவது ஆட்டத்தை ஆடி, ஆறு இலக்குகள் போட்டு வென்றும் விட்டனர்.

பந்து கிடைத்தது, ஒருமித்த உடை கிடைக்கவில்லை. அவரவர் கைக்கு அகப்பட்டதை அணிந்து ஆடினால், ஓடும் வேகத்தில் தம்மவர் யார், எதிரி யார் என்பது விளங்காது. அக்குழுவிலே பிரெட் பியர்ட்ஸ்லி, மொறிஸ் பேற்ஸ் என்னும் இருவர் இருந்தனர். இருவரும் முன்னர் நொட்டிங்காம் பொறெஸ்ட் என்னும் கழகத்துக்கு ஆடியவர்கள். பிழைப்பை நாடி வூலிச்சுக்கு வந்தவர்கள். தம் பழைய கழகத்தாருக்கு நிலைமையைக் கூறி உதவி கேட்டனர். நொட்டிங்காமிலிருந்து ஒரு தொகுதிச் சிவப்புச் சட்டைகளும் ஒரு பந்தும் வந்து சேர்ந்தன.

நொட்டிங்காம் பொறெஸ்ட் கழகம் 1865-ஆம் ஆண்டிலே தோன்றியது. இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் படையினர் அணிந்த செந்நிறத்தை அக்கழகத்தார் தமக்குரிய நிறமாகத் தெரிந்துகொண்டனர். கரிபால்டியின் படையிலிருந்து நொட்டிங்காம் இளைஞருக்கு வந்த நிறம், அவர்களிடமிருந்து வூலிச் தொழிலாளருக்கு வந்தது. அத்தொழிலாளர் குழுவே பின்னர் ஆர்சனல் என உலகமெல்லாம் பெயர்பெற்ற கழகமாயிற்று. 1913-ஆம் ஆண்டிலே அது வட இலண்டனிலுள்ள ஹைபரிக்கு இடம்பெயர்ந்தது. 1933-ஆம் ஆண்டிலே சட்டையின் கைகள் வெண்ணிறமாக மாறின. ஆயினும் அந்தச் சிவப்பு மாறவில்லை. இன்று பல நாடுகளிலும் சிறுவர் விலைகொடுத்து வாங்கி அணியும் அச்சட்டையின் மூலம், ஒரு கழகம் இன்னொரு கழகத்துக்கு இலவசமாக அனுப்பிய ஒரு பொதியே ஆகும்.

இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்கவை மூன்று உள. கேட்டவர் அந்நியர் அல்லர். அதே சட்டையை ஒருகால் அணிந்தவர். கொடுத்தவர் ஆட்டத்தை அறிந்தவர்; ஆதலின் வேண்டுவது எதுவோ அதனையே கொடுத்தனர். பெற்றவரோ ஒருவர் அல்லர், ஒரு குழுவினர். எல்லாரும் ஒரே சட்டையை அணிந்தமையால், யார் வறியவர் என்னும் வினாவே எழவில்லை. அதனைப் பிச்சை என்று எவரும் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை.

இனி, இதற்குச் சில ஆண்டுகளின் பின் அதே நாட்டிலே நிகழ்ந்த வேறொன்றை நோக்குவாம்.

லிவர்பூல் பெருந் துறைமுகப் பட்டினம். கப்பல்கள் கொணர்ந்த செல்வம் ஒரு புறமாகவும், அக்கப்பல்களிலே சுமை ஏற்றி இறக்கிய மக்களின் வறுமை மறுபுறமாகவும் அங்கு நிலவின. குளிர்காலத்திலும் வெறுங்காலுடன் தெருவில் திரிந்த பிள்ளைகள் பலர். இப்பிள்ளைகளைத் தெருவிலே நாள்தோறும் கண்டவர்கள் பொலிஸார். 1895-ஆம் ஆண்டிலே பொலிஸாரின் துணையுடன் வறிய பிள்ளைகளுக்கு உடை வழங்கும் சங்கம் ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. இத்தகைய சங்கங்கள் எடின்பரோ முதலிய வேறு பட்டினங்களிலும் இயங்கின. நல்லெண்ணத்திற் பிறந்த முயற்சிகள் இவை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் குளிரிலிருந்து காக்கப்பட்டனர் என்பதை மறுத்தலாகாது.

ஆயின் ஓர் இடர் இருந்தது. அக்காலத்து வறிய குடும்பங்கள் அடைவு கடையை நம்பி வாழ்ந்தன. ஞாயிற்றுக்கிழமை அணிந்த நல்லுடுப்பைத் திங்கட்கிழமை அடைவு வைத்து அரிசிக்கும் அடுப்புக்கும் வழி தேடுவது போல, அங்கே ரொட்டிக்கும் நிலக்கரிக்கும் வழி தேடினர். சம்பளம் வந்ததும் மீட்டனர். இலவசமாகக் கிடைத்த உடுப்பும் அவ்வாறே அடைவு கடைக்குப் போய்விடும் என்று கொடுத்தோர் அஞ்சினர். ஆதலின் உடுப்பிலே முத்திரை குத்தினர். உடுப்பு பிள்ளையினது அன்று, சங்கத்தினது. இரவலாகக் கொடுக்கப்பட்டது என்பதே அம்முத்திரையின் பொருள். முத்திரையிட்டதை அடைவாக ஏற்கக் கூடாதென்பதை அடைவு கடைக்காரரும் அறிந்திருந்தனர்.

பழைய துணிக்கு அக்காலத்தில் இருந்த பெறுமதியை உணர்ந்தாலன்றி இவ்வச்சத்தின் காரணம் விளங்காது. கிழிந்த கம்பளியும் அன்று குப்பை அன்று, பணம். 1813-ஆம் ஆண்டிலே யோர்க்சயர் பகுதியின் பாட்லி என்னும் ஊரிலே பெஞ்சமின் லோ என்பவர், பழைய கம்பளிக் கந்தைகளைப் பிய்த்துப் பஞ்சாக்கிப் புதுக் கம்பளியுடன் கலந்து நூற்கும் முறையைக் கண்டார். அதனால் அவ்வட்டாரத்திலே ஒரு பெருந் தொழிலே எழுந்தது. கந்தைக்கும் விலை உண்டாயிற்று. விலையுள்ள பொருளை வறியவன் கையிற் கொடுத்துவிட்டு, பசி வந்தபோது அதனை விற்காதே என்று சொன்னால் அவன் என் செய்வான்? கொடுத்தவர் பசிக்கு வழி காணவில்லை. உடுப்புக்குக் காவல் வைத்தனர்.

அம்முத்திரை உடுப்பைக் காத்தது. பிள்ளையைக் காட்டிக் கொடுத்தது. எங்கு சென்றாலும் இவன் தருமத்தில் உடுத்தவன் என்பதை அது பறைசாற்றியது. வகுப்பறையிலே வாங்கின் பின்னே மறைந்திருக்கலாம். விளையாட்டிலே மறைய இடமில்லை. ஓடுபவனை எல்லாரும் பார்ப்பர். உடுப்பினாற் குளிர் நீங்கிய பிள்ளை, உடுப்பினாலேயே ஆட்டத்தினின்றும் ஒதுங்குவானாயின், கொடையின் பாதிப் பயன் கெட்டுவிட்டது என்பதே பொருள்.

இங்ஙனம் ஒன்பது ஆண்டு இடைவெளியிலே ஒரே நாட்டில் இருவகைக் கொடைகளைக் காண்கின்றோம். ஒன்று சிவப்புச் சட்டை. மற்றது முத்திரையிட்ட உடுப்பு. அதன்பின் நிகழ்ந்த வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த இழுபறி என்று சொன்னால் மிகையாகாது.

பிள்ளைகளின் விளையாட்டிலே அரசாங்கத்தின் கண் திரும்பியது இரக்கத்தினால் மட்டுமன்று. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவிலே நடந்த போவர் யுத்தத்துக்குப் படைக்கு ஆள் சேர்த்தபோது, உடல் தகுதியின்மையாற் கழிக்கப்பட்டோர் தொகை ஆட்சியாளரைத் திடுக்கிட வைத்தது. உடல்நலிவைப்பற்றி ஆராய்ந்த குழு 1904-ஆம் ஆண்டிலே அறிக்கை வெளியிட்டது. 1906-ஆம் ஆண்டிலே பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவு வழங்க உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சட்டம் இடமளித்தது. அவ்வாண்டிலேயே ஆரம்பப் பாடசாலைகள் பாடவேளையில் விளையாட்டை நடத்தவும் அனுமதி பெற்றன. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வைத்திய பரிசோதனை வந்தது. உணவு வந்தது, வைத்தியர் வந்தார், விளையாட்டும் பாடமாயிற்று. விளையாட்டுக்கு வேண்டிய உடை மட்டும் பெற்றோர் பொறுப்பாகவே நின்றது.

பெண்பிள்ளைகளின் நிலை இதனினும் கடினமாக இருந்தது. கணுக்கால் வரை தொங்கும் பாவாடையும் இறுக்கிக் கட்டிய உள்ளுடையும் அணிந்து ஓடுவது எப்படி? சுவீடன் நாட்டிலிருந்து வந்த மார்ட்டினா பேர்க்மன் ஓஸ்டர்பேர்க் என்னும் அம்மையார், 1885-ஆம் ஆண்டிலே இலண்டனில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். கையில்லாத, மடிப்பு வைத்த, முழங்காலளவான விளையாட்டு உடையொன்றை 1892-ஆம் ஆண்டளவிலே அவர் மாணவி மேரி டெயிற் என்பவர் அமைத்தார் என்பர். தோளிலிருந்து தளர்வாகத் தொங்கி இடையிலே வாரினாற் கட்டப்படும் அவ்வுடை வளரும் பிள்ளைக்கும் நெடுநாள் பொருந்தியது. அக்காளுக்குச் சிறுத்ததைத் தங்கை அணிந்தாள். விளையாட்டு உடையொன்று கைமாறிப் பயன்பட வேண்டுமாயின் அதன் அமைப்பும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1933-ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கல்விச் சபை வெளியிட்ட உடற்பயிற்சிப் பாடத்திட்டம், பயிற்சிக்கேற்ற இலேசான உடையையும் சப்பாத்தையும் வலியுறுத்தியது. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ, உடையின்மையாற் கல்வியின் முழுப்பயனையும் பெறமுடியாத பிள்ளைக்கு உடை வழங்கும் அதிகாரத்தையும், உடற்பயிற்சிக்குரிய உடை வழங்கும் வழியையும் உள்ளூர்க் கல்வி அதிகாரிகளுக்குத் திறந்துவைத்தது. ஓடுவதற்கு உடை வேண்டும் என்னும் எளிய உண்மை சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு, விளையாட்டு பாடவேளையில் நுழைந்த பின்னரும் முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

இதனிடையே இரண்டாம் உலக யுத்தம் ஒரு புதிய பாடத்தைக் கற்பித்தது. 1941-ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி பிரித்தானியாவிலே உடுப்புக்குப் பங்கீடு வந்தது. முதலாண்டில் ஒருவருக்குக் கிடைத்தவை 66 கூப்பன்கள். பின்னர் அவையும் குறைந்தன. கையிலே பணம் இருந்தாலும் கூப்பன் இல்லையேல் சட்டை இல்லை. வளரும் பிள்ளைகளுக்கோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடுப்புச் சிறுக்கும். இந்நெருக்கடியிலே, 1938-ஆம் ஆண்டில் தொடங்கிய மாதர் தொண்டர் சேவையினர் பிள்ளைகளின் உடுப்பு மாற்று நிலையங்களை நடத்தினர். தாய்மார் சிறுத்துப்போன உடுப்பைக் கொண்டுவந்து கொடுப்பர். அதன் தரத்துக்கேற்பப் புள்ளிகள் வழங்கப்படும். அப்புள்ளிகளுக்கு ஈடாகப் பெரிய அளவு உடுப்பை எடுத்துச் செல்வர். பணம் கைமாறவில்லை.

இங்கு வந்தவர் வறியவர் மட்டுமல்லர். வங்கி முகாமையாளரின் மனைவியும் சுமைகாரரின் மனைவியும் ஒரே வரிசையில் நின்றனர். எல்லாரும் கொடுத்தனர், எல்லாரும் பெற்றனர். ஆதலின் பழைய உடுப்பை அணிவது வறுமையின் அடையாளம் என்னும் நிலை சிறிது காலம் மறைந்தது. முத்திரையை அழித்தது சட்டமன்று, சங்கமன்று, எல்லார்க்கும் பொதுவாக வந்த தட்டுப்பாடே.

உடுப்புப் பங்கீடு 1949-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் நீங்கியது. அதற்கு முன், 1948-ஆம் ஆண்டிலே, இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. புது விடுதிகள் கட்டப்படவில்லை; விமானப்படை முகாம்களிலும் கல்லூரிகளிலும் வீரர் தங்கினர். துவாயைத் தாமே கொண்டுவருமாறு கேட்கப்பட்டனர். பிரித்தானிய வீராங்கனையர் பலர் தம் போட்டி உடையைத் தாமே தைத்துக்கொண்டனர். அத்தகைய சிக்கன விழாவிலேதான் இலங்கையின் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. பகட்டான உடை வீரனை ஆக்குவதில்லை என்பதற்கு அவ்விழாவே சாட்சி.

அங்ஙனமாயின் உடையைப்பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதே விழாவிலே இந்திய உதைபந்தாட்டக் குழுவினருட் பெரும்பாலோர் சப்பாத்தின்றி ஆடி, பிரான்சுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கிலேதானே தோற்றனர்? 1960-ஆம் ஆண்டிலே எதியோப்பியரான அபேபே பிக்கிலா உரோமாபுரி வீதிகளில் வெறுங்காலுடன் ஓடி மரதன் ஓட்டத்தில் வெல்லவில்லையா? உண்மையே. ஆயின் தம்மைப் போன்றே வெறுங்காலுடன் ஆடும் தோழர் நடுவே ஆடுவது வேறு. சப்பாத்தணிந்த நாற்பது பேர் நடுவே தனியொருவனாய் வெறுங்காலுடன் நிற்பது வேறு. முன்னையது பழக்கம், பின்னையது வெட்கம். பிக்கிலாவின் கதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவருக்குச் சப்பாத்து அகப்படாமல் இல்லை. அகப்பட்ட புதுச் சப்பாத்து காலுக்கு இசையவில்லை. ஆதலின் பயிற்சியிற் பழகியபடியே வெறுங்காலுடன் ஓடினார். நான்கு ஆண்டுகளின் பின் தோக்கியோவிலே சப்பாத்தணிந்து ஓடி மீண்டும் வென்றார். பொருந்தாத சப்பாத்தைப் பெறுவது சப்பாத்தே இல்லாமையிலும் நன்றன்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே விளையாட்டு உடைக்கென்றே தனி அறச்சபைகள் தோன்றின. 1950-ஆம் ஆண்டிலே, இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தின் மதுச்சாலையில் நின்று துடுப்பாட்டம் பார்த்து மகிழ்ந்த நடிகரும் நண்பரும் கூடி, லோர்ட்ஸ் ரவர்னர்ஸ் என்னும் சபையை அமைத்தனர். பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைப்பதற்குப் பணந்திரட்டுவது அவர்தம் முதல் நோக்கமாக இருந்தது. காலப்போக்கில் கழகங்களும் பாடசாலைகளும் கழித்துவிட்ட உடுப்புகளையும் உபகரணங்களையும் சேகரித்து, வசதி குன்றிய நாடுகளின் சிறுவருக்கு அனுப்பும் பணியையும் அச்சபை மேற்கொண்டது. 1998-ஆம் ஆண்டிலே தொடங்கிய கிட் எயிட் என்னும் சபை, உதைபந்தாட்டக் கழகங்கள் மாற்றிவிட்ட சட்டைகளைத் திரட்டித் தன்சானியா முதலிய ஆபிரிக்க நாடுகளுக்கு அனுப்பிற்று. விளம்பரம் அச்சிட்ட சட்டைகள், விளம்பரக்காரர் மாறியதும் கழகத்துக்கு உதவா. ஆயின் அணியாகச் சேர்த்து அனுப்பப்படும் அச்சட்டைகள், தன்சானியக் கிராமத்துப் பதினொருவரை ஓர் அணியாக்க வல்லவை. 1886-ஆம் ஆண்டிலே நொட்டிங்காமிலிருந்து போன பொதியின் வழித்தோன்றல் இதுவே.

கொடையிலே தீங்கும் உண்டு என்பதை மறைத்தலாகாது. கொடுப்பவர் நாட்டில் குவியும் பழைய உடுப்புகளிற் பெரும்பகுதி, கொடையாகப் போவதில்லை. பொதிகளாகக் கட்டி விற்கப்படுகின்றது. கிழக்காபிரிக்க மக்கள் இதனை மித்தும்பா என்பர். சுவாகிலி மொழியில் பொதிகள் என்பது பொருள். மலிவான உடுப்பினால் வறியவர் நன்மை பெறுகின்றனர். வணிகர் பலர் பிழைக்கின்றனர். ஆயின் உள்ளூர் நெசவாலைகளும் தையற்காரரும் அப்பொதிகளோடு போட்டியிட முடியாது என்னும் முறைப்பாடு எழுந்தது. 2016-ஆம் ஆண்டிலே கிழக்காபிரிக்க நாடுகள் இவ்விறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தன. றுவாண்டா வரியை உயர்த்தியது. அதன் விளைவாக 2018-ஆம் ஆண்டிலே அமெரிக்கா, றுவாண்டாவின் உடுப்புகளுக்குத் தான் அளித்திருந்த வரிச்சலுகையை இடைநிறுத்தியது. எமக்கு வேண்டாததை வாங்க மறுத்தால் தண்டனை என்ற நிலை ஏற்படுமாயின், அதனைக் கொடை என்று எப்படி அழைப்பது?

இன்னொரு செய்தி நகைப்புக்கும் சிந்தனைக்கும் இடமளிப்பது. அமெரிக்காவின் சுப்பர் போல் என்னும் இறுதியாட்டத்தில் வெல்லும் குழுவின் பெயர் பொறித்த சட்டைகள் ஆட்டம் முடிந்த கணமே விற்பனைக்கு வரவேண்டும். ஆதலின் இரு குழுக்களின் பெயரிலும் முன்கூட்டியே அச்சிடுவர். தோற்ற குழுவை வெற்றி வீரர் என்று கூறும் சட்டைகள் அங்கே விலைபோகா. அவை பல ஆண்டுகளாக வறிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டு வந்தன. 2011-ஆம் ஆண்டிலே இதுபற்றிக் கடுமையான கண்டனம் எழுந்தது. உடல் மறைக்க ஒரு துணி என்ற அளவில் அதனாற் பயனுண்டு. ஆயினும் கேட்டவர் எவருமில்லை; தேவை இன்னதென ஆராய்ந்தவரும் இலர். கழிப்பவரின் வசதியே கொடையின் காரணமாயிற்று. நொட்டிங்காம் பொதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இக்காலத்து விளையாட்டு உடுப்பின் இயல்பையும் அறிதல் நன்று. பொலியெஸ்டர் எனப்படும் செயற்கை நூல் 1941-ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் வின்பீல்ட், டிக்சன் என்னும் இரசாயன அறிஞராற் கண்டறியப்பட்டது. இன்று விளையாட்டுச் சட்டைகளிற் பெரும்பாலானவை அந்நூலால் ஆனவை. வியர்வையில் ஊறினும் விரைவிற் காயும். பலகால் தோய்த்தாலும் எளிதில் நையாது. மண்ணிற் புதைத்தாலும் எளிதில் மக்காது. பாட்லி ஊரார் கம்பளியைப் பிய்த்து மீண்டும் நூற்றது போல, கலப்பு நூற் சட்டையை எளிதிற் பிரிக்கவும் இயலாது. ஒரு பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகளிற் சிறுத்துப்போகும் சட்டை, அதன்பின் இன்னும் இரு பிள்ளைகளுக்கு உழைக்க வல்லது. அதனைச் சட்டையாகவே மீண்டும் அணிவதே அதற்குச் சிறந்த மறுவாழ்வு. எறிந்துவிடுவது வீண் மட்டுமன்று, நிலத்துக்கும் கேடு.

இங்கிலாந்திலே இவ்வரலாறு 2021-ஆம் ஆண்டில் ஒரு புதிய படியை எட்டியது. பாடசாலைச் சீருடையின் செலவைப்பற்றி அவ்வாண்டிலே சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன்வழி வெளியான அறிவுறுத்தல், முன்னர் அணிந்த சீருடைகள் பெற்றோருக்குக் கிடைக்கும் வகையைப் பாடசாலைகளே செய்யவேண்டும் என்று கூறியது. விளையாட்டு உடையும் இதில் அடங்கும். வறியவருக்கு மட்டும் என்று அது பிரித்துச் சொல்லவில்லை. எந்தப் பெற்றோரும் எடுக்கலாம். 1895-ஆம் ஆண்டு முத்திரையிலிருந்து, எல்லார்க்கும் திறந்த அலுமாரிக்கு வந்துசேர 126 ஆண்டுகள் ஆயின.

இலங்கையில் இதற்கு ஒரு நல்ல அடித்தளம் முன்னரே உண்டு. 1945-ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி; 1980-ஆம் ஆண்டு முதல் இலவசப் பாடநூல்; 1990-களின் தொடக்கம் முதல் இலவசச் சீருடைத் துணி. 2022-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின், சீருடைத் துணியின் பெரும்பகுதியைச் சீன அரசாங்கம் நன்கொடையாக வழங்கியபோதும், அத்துணி பிள்ளைகளுக்கு வேறுபாடின்றிச் சீருடைத் துணியாகவே கிடைத்தது. எவர் கொடுத்தது என்று எந்தப் பிள்ளையின் சட்டையிலும் எழுதப்படவில்லை. சீருடையிலே நாம் கண்ட அச்சமத்துவம், இல்ல விளையாட்டுப் போட்டி வந்ததும் குலைகின்றது. இல்லத்தின் நிறச் சட்டையும், காற்சட்டையும், ஓட்டச் சப்பாத்தும் பெற்றோரின் பைக்கு ஏற்பவே அமைகின்றன.

இதற்கு மருந்து பெருஞ் செலவன்று. இல்லத்துக்குரிய நிறச் சட்டைகளை இல்லத்தின் சொத்தாக வைத்து, போட்டி நாளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் வழங்கி, முடிந்ததும் தோய்த்து அடுக்கி வைக்கலாம். பாடசாலையை விட்டுச் செல்லும் மாணவர் தம் சட்டையையும் சப்பாத்தையும் அவ்வடுக்கில் விட்டுச் செல்வதை ஒரு வழக்கமாக்கலாம். கொடுப்பவர் கிழிந்ததைத் தைத்து, தோய்த்து, சப்பாத்தைச் சோடி சேர்த்து, அளவெழுதிக் கொடுத்தல் வேண்டும். தம் பிள்ளைக்கு அணிவிக்கக் கூசும் உடுப்பைப் பிறர் பிள்ளைக்கு நீட்டலாகாது. பெண்பிள்ளைகளுக்கு உரியதை ஓர் ஆசிரியை தனியிடத்தில் அளவு பார்த்துக் கொடுத்தல் முறை. எதனைக் கொடுக்கலாம் என்று எண்ணுமுன், எது வேண்டும் என்று பாடசாலையைக் கேட்டறிதல் இவையெல்லாவற்றிலும் முதன்மையானது.

இறுதியாக ஒன்று. உடுப்பிலே முத்திரை குத்தும் வழக்கம் ஒழிந்துவிட்டது என்று நாம் மகிழ்கின்றோம். ஆயின் இக்காலத்து முத்திரை வேறு வடிவில் வருகின்றது. ஒரு சோடி சப்பாத்தைக் கையிற் கொடுத்து, கொடுப்பவர் ஒரு புறமும் பிள்ளை மறுபுறமுமாக நிறுத்திப் புகைப்படம் எடுத்து ஊரெல்லாம் பரப்புகின்றனர். லிவர்பூல் முத்திரை உடுப்புக் கிழிந்ததும் மறைந்தது. படத்தில் விழுந்த முத்திரையோ அப்பிள்ளை வளர்ந்து ஆளான பின்னும் மறையாது. அடைவு கடைக்கு அஞ்சி முத்திரை குத்தியவருக்காவது ஒரு காரணம் இருந்தது. நமக்கு என்ன காரணம் உண்டு?

வூலிச் தொழிலாளர் அச்சிவப்புச் சட்டையை அணிந்து மைதானத்தில் இறங்கியபோது, அது வேறொருவர் சட்டை என்று பார்த்திருந்தோர் எண்ணவில்லை. ஆடுபவரையே கண்டனர். மரநிழலில் இருக்கும் பிள்ளைக்கும் வேண்டுவது அதுவே. அவன் எழுந்து ஓடும்போது சட்டை வந்த வழியை எவரும் நோக்காது, அவன் ஓட்டத்தை மட்டும் நோக்குவாராயின், கொடுத்தது கொடையாகும்.